உடல் கடிகாரம்: காலையில் தொடங்கும் சிறு மாற்றங்கள்

தூங்குமூஞ்சி மரத்தைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பள்ளி வளாகங்களிலும் பழைய நெடுஞ்சாலை ஓரங்களிலும் குடை விரித்தாற்போல் நிற்கும் அந்த மரம், பொழுது சாயத் தொடங்கியதும் தன் சிற்றிலைகளை இணை இணையாக மடித்துக்கொள்கிறது, விடிந்ததும் விரித்துக்கொள்கிறது. புளியமரத்தின் இலைகளும் அவ்வாறே மூடித் திறக்கின்றன. வெளிச்சம் குறைவதால் இலை மூடுகிறது, வெளிச்சம் வருவதால் திறக்கிறது என்றுதான் பார்ப்பவர் எவரும் நினைப்பார். 1729ஆம் ஆண்டில் ழான்-ழாக் தெ மைரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர், இதே பழக்கமுள்ள தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துக் கவனித்தார். சூரியனையே காணாத அந்தச் செடி, வெளியே பகலாக இருந்த நேரத்தில் இலைகளை விரித்தது; இரவாக இருந்த நேரத்தில் மூடியது. வெளியிலிருந்து யாரும் நேரம் சொல்லாமலேயே அதற்கு நேரம் தெரிந்திருந்தது.

உயிர்களின் உள்ளே காலத்தைக் கணக்கிடும் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்றாக அந்தச் சோதனை இன்று கருதப்படுகிறது. நீலப்பச்சைப் பாசியிலிருந்து மனிதர் வரை பெரும்பாலான உயிர்களிடம் இந்த ஏற்பாடு உண்டு. இதைத்தான் உடல் கடிகாரம் என்கிறோம். உடல்நலத்துக்காக நமக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை: நடக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். எப்போது செய்ய வேண்டும் என்ற கேள்வி அவற்றில் அரிதாகவே வருகிறது. வாழ்க்கை முறையில் சிறு மாற்றம் செய்ய விரும்பும் ஒருவர், புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன்னால், ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் செயல்களின் நேரத்தைச் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எழுவது, வெளியே வருவது, காபி குடிப்பது, இரவு உணவு உண்பது, விளக்கணைப்பது ஆகிய ஐந்தையும் எப்படியும் தினமும் செய்கிறோம். அவற்றின் நேரத்தை மாற்றுவதற்குப் பணமும் தேவையில்லை, பெரிய மன உறுதியும் தேவையில்லை. ஏன் அந்த நேரங்கள் முக்கியம் என்பது மட்டும் புரிந்தால் போதும்.

குகைக்குள் போனவர்கள்

மனிதருக்குள் இருக்கும் கடிகாரத்தை அறிய வேண்டுமானால், வெளியுலகின் கடிகாரங்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும். கைக்கடிகாரத்தை மறைத்தால் மட்டும் போதாது. சூரியன், பால்காரர் குரல், பள்ளிவாசல் பாங்கொலி, கோயில் மணி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எதுவும் எட்டக்கூடாது. அதற்காக 1938இல் நதானியேல் கிளைட்மேன் என்ற ஆய்வாளர் தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள மாமத் குகைக்குள் ஒரு மாதத்துக்கும் மேல் தங்கினார். 1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஒரு பாதாளக் குகைக்குள் தனியாக இறங்கி இரண்டு மாதங்கள் கழித்தார். செப்டம்பர் 14ஆம் தேதி அவரை மேலே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். மனத்தின் கணக்கு ஏறத்தாழ இருபத்தைந்து நாள் பிழைத்துப்போனது. ஆனால் அவர் எழுந்த நேரத்தையும் படுத்த நேரத்தையும் மேலே இருந்தவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால், அவருடைய உடல் 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஒழுங்கான சுற்றில்தான் தூங்கி விழித்திருந்தது. மனம் நாளை மறந்தபோதும் உடல் மறக்கவில்லை.

இந்த ஆய்வு வரலாற்றில் மதுரைக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இந்தத் துறையை வளர்த்தெடுத்தார். மனிதர்கள் வெளியுலகத் தொடர்பின்றித் தங்குவதற்கான தனி வசதி அங்கே அமைக்கப்பட்டு ஆய்வுகள் நடந்தன. அதைவிடச் சுவையானது அவரும் உடன் பணியாற்றியவர்களும் வௌவால்களை வைத்துச் செய்த ஆய்வு. மதுரைப் பகுதியில் ஒரு குகையின் இருண்ட உட்பகுதியில் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். அந்தக் குகையிலேயே வாழ்ந்த மற்ற வௌவால்கள் வழக்கம்போல் மாலையில் வெளியே பறந்து விடியலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. வெளிச்சமே காணாத கூண்டு வௌவால்கள், தம் கூட்டத்தின் போக்குவரத்தை அறிந்தே நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டன. கூட்டம் இல்லாத இடத்தில் வைக்கப்பட்டவற்றின் நேரமோ நாளுக்கு நாள் விலகிப்போனது. வெளிச்சம்தான் கடிகாரத்தைத் திருத்தும் முதன்மையான கை. ஆனால் உடன் வாழ்பவர்களின் நடமாட்டமும் அதற்கு நேரம் சொல்லக்கூடும் என்பதற்கு அது ஒரு சான்று. வீட்டில் ஒருவர் மட்டும் தம் பழக்கத்தை மாற்ற முயன்று தோற்றுப்போவதற்கும், குடும்பமே சேர்ந்து மாற்றும்போது எளிதாக முடிவதற்கும் பின்னால் இதுபோன்ற ஏதோ ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வௌவாலுக்கு உண்மையானது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதுதான்.

கடிகாரம் இருக்கும் இடம்

மனித மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கல்லீரல், கணையம், தசை, தோல் ஆகியவற்றின் செல்களுக்குள்ளும் தனித்தனியே கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு செல்லிலும் சில மரபணுக்கள் குறிப்பிட்ட புரதங்களைத் தயாரிக்கச் செய்கின்றன; புரதம் போதிய அளவு சேர்ந்ததும் அதுவே திரும்பி வந்து தன் மரபணுவின் வேலையை நிறுத்துகிறது; பிறகு புரதம் சிதைந்து குறையும்போது வேலை மறுபடியும் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதற்குரிய மரபணு ஒன்று இருப்பதை 1971இல் ரொனால்ட் கோனோப்காவும் சீமோர் பென்சரும் காட்டினார்கள். அந்தச் சுற்று இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரம் வெறுமனே தூக்கத்துக்கு மட்டும் மணி அடிப்பதில்லை. உடல் வெப்பம் மாலையில் உச்சத்தை அடைந்து, விடியலுக்கு முன் மிகக் குறைவாகிறது. கார்டிசால் என்ற சுரப்பு விழிக்கும் நேரத்தை ஒட்டி உயர்ந்து, உடலை வேலைக்கு ஆயத்தம் செய்கிறது. இருட்டிய பின், வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக, பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கத் தொடங்கி 'இரவு வந்துவிட்டது' என்ற செய்தியை உடலெங்கும் அனுப்புகிறது. சர்க்கரையைக் கையாளும் திறன் பெரும்பாலோருக்குக் காலையில் சிறப்பாகவும் இரவில் மந்தமாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மனிதரின் உள்கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999இல் வெளியிட்ட அளவீட்டின்படி அதன் சராசரி நீளம் 24 மணி 11 நிமிடம். பதினொரு நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அதைத் தினமும் யாராவது முன்னால் இழுத்து வைக்காவிட்டால் பத்தே நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடும். விடுமுறையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இளைஞர்கள் இரவு பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மெல்ல மெல்லப் பின்னால் நழுவுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று பெரியவர்கள் ஏசுவது முழு உண்மையல்ல. கடிகாரத்தை இழுத்து வைக்கும் கை அவர்களைத் தொடவில்லை என்பதும் ஒரு காரணம். அந்தக் கை, காலை வெளிச்சம்.

காலை வெளிச்சம்

நம் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அளந்து தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்லும் வேறு வகைச் செல்களும் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இவை நீல நிற ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுபவை. 2002ஆம் ஆண்டில்தான் இவற்றின் செயல் தெளிவாகக் காட்டப்பட்டது. பார்வையை இழந்தவர்களிலும் இந்தச் செல்கள் நலமாக இருப்பவர்களுக்கு உடல் கடிகாரம் சூரியனோடு ஒத்து ஓடுகிறது. வெளிச்சத்தை அறவே உணர முடியாதவர்களில் பலருக்கோ அது நாள்தோறும் விலகிச் சென்று, சில வாரங்களுக்கு ஒருமுறை பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாக அவர்களை அலைக்கழிக்கிறது.

இந்தச் செல்கள் விரைந்து தூண்டப்படுபவை அல்ல; நிறைய வெளிச்சம் தேவைப்படுபவை. வீட்டுக்கும் வெளிக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை நம் கண் நமக்குச் சொல்வதில்லை, ஏனெனில் கண்மணி சுருங்கி விரிந்து எல்லா இடத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டிவிடுகிறது. அளந்தால்தான் தெரியும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் எரியும் வரவேற்பறையில் வெளிச்சம் ஏறத்தாழ 100 முதல் 300 லக்ஸ். நன்கு விளக்கிட்ட அலுவலகத்தில் 500 லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். காலையில் எழுந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் குளித்து, நாளிதழ் படித்து, கருப்புக் கண்ணாடி ஒட்டிய காரில் ஏறி, குளிரூட்டிய அலுவலகத்துக்குள் புகுந்துவிடும் ஒருவருக்கு, பகல் முழுவதும் அவருடைய உடல் கடிகாரத்தைப் பொறுத்தவரை விடியவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனவே, இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புபவருக்கு நான் சொல்வது இது: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கூரைக்கு வெளியே வந்து இருபது, முப்பது நிமிடம் இருங்கள். அது உடற்பயிற்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்தலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், காபித் தம்ளரோடு வாசல்படியில் உட்காரலாம், ஒரு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்கி நடக்கலாம். வாசல் தெளித்துக் கோலம் போட்ட தலைமுறைக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய அறிவுரையாகவே இருந்திருக்காது. சன்னலோரம் உட்கார்வது ஓரளவே உதவும். அறைக்குள் சற்றுத் தள்ளிப் போனாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, பார்க்கத் தேவையும் இல்லை. திறந்த வானத்தின் பொதுவான வெளிச்சம் கண்ணில் பட்டால் போதும்.

இந்த வகையில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. டிசம்பரில் அங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது. சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. சூரியன் ஆண்டு முழுவதும் காலை 5.40க்கும் 6.40க்கும் இடையில் உதித்துவிடுகிறது. அங்கே உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்கிய ஒளி விளக்குகளின் முன்னால் உட்கார்ந்து பெறுவதை, நாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாலே பெற முடியும்.

அமெரிக்காவின் கொலராடோவில் கென்னத் ரைட் என்ற ஆய்வாளர் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். மின்விளக்கோ கைப்பேசியோ கிடையாது. பகலில் சூரியன், இரவில் மூட்டிய நெருப்பு மட்டுமே. அந்த ஒரு வாரத்தில் அவர்களுடைய உடல் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது. இரவில் விழித்திருப்பதே தம் இயல்பு என்று எண்ணியவர்களிடம்தான் மாற்றம் மிகுதியாக இருந்தது. '2013இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர்' என்று ஒருவர் மறுப்புச் சொன்னால் அது நியாயமே. எனினும் 'நான் பிறவியிலேயே இரவு ஆந்தை' என்று தம்மைப் பற்றி முடிவு கட்டிவிட்ட ஒருவர், அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய அது போதும்.

காலை வெளிச்சத்தோடு சேர்ந்தது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூங்கப் போகும் நேரத்தை நிர்ணயிக்கவே பலரும் முயல்கிறார்கள், அது எளிதில் கைகூடுவதில்லை, ஏனென்றால் தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழும் நேரத்தைக் கட்டளையிடலாம். வார நாள்களில் ஆறு மணிக்கு எழுபவர் சனி, ஞாயிறுகளில் ஏழரை வரை தூங்குவது, உடல் கடிகாரத்தைப் பொறுத்தவரை வாரந்தோறும் துபாய்க்குப் போய்த் திங்கட்கிழமை காலை திரும்பி வருவதற்குச் சமம். அந்த ஊருக்கும் நமக்கும் நேர வேறுபாடு சரியாக ஒன்றரை மணி நேரம்தான். திங்கட்கிழமையின் மந்தத்துக்கு அலுவலகம் மட்டுமே பொறுப்பல்ல. வாரத்தில் குறைந்த தூக்கத்தை விடுமுறையில் ஈடுகட்டத்தான் வேண்டும் என்றால், எழுவதைத் தள்ளிப்போடாமல், மதியத்தில் ஒரு சிறு தூக்கம் போடுவதோ இரவில் முன்னதாகப் படுப்பதோ நல்லது.

காபியும் தூக்கத்தின் கடனும்

உடல் கடிகாரம் தவிர, தூக்கத்தைத் தீர்மானிக்கும் மற்றொரு காரணியும் உண்டு. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது; அது சேரச் சேர உறங்க வேண்டும் என்ற உந்துதல் வளர்கிறது; உறங்கும்போது அது கரைகிறது. கடிகாரம், உந்துதல் ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் 'இப்போது தூங்கு' என்று சொல்லும்போதுதான் படுத்தவுடன் கண் அயர்கிறது. இந்த இருவழிக் கணக்கை 1982இல் அலெக்சாண்டர் போர்பே என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் முன்வைத்தார். இன்றுவரை தூக்க மருத்துவத்தின் அடிப்படையாக அது நிற்கிறது.

காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் செய்வது ஒன்றே: மூளையில் அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, களைப்புச் செய்தி போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான். உட்கொண்ட காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க, பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் அது இன்னும் நீளும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கிறது என்று பொருள். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னதாக 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. அது நாலைந்து காபிக்கு இணையான பெரிய அளவுதான்; ஆனால் மாலைக் காபிக்கு மேல் இரவு எட்டு மணிக்கு நண்பர்களோடு தேநீர் என்று கூட்டிப் பார்த்தால் பலருடைய கணக்கு அவ்வளவு தொலைவில் இருக்காது. 'காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்' என்பவர்கள் உண்டு. தூக்கம் வந்துவிடும், உண்மைதான். அதன் ஆழம் குறைவது தூங்குபவருக்குத் தெரிவதில்லை. ஃபில்டர் காபியைக் கைவிடச் சொல்லும் கல்நெஞ்சம் எனக்கு இல்லை. காலைக் காபி காலையிலேயே இருக்கட்டும். மாலைக் காபியை மட்டும் மதிய உணவுக்குப் பிந்திய நேரத்துக்கு, இரண்டு மணிக்கு முன்னதாக, நகர்த்தினால் போதும்.

மதியத் தூக்கத்துக்கும் இதே கணக்குத்தான். இருபது நிமிடத் தூக்கம் களைப்பை நீக்கும். ஒன்றரை மணி நேரத் தூக்கம், அதுவும் நான்கு மணிக்கு மேல், இரவுக்காகச் சேர்ந்திருந்த உந்துதலைச் செலவழித்துவிடும்.

இரவு உணவும் இரவு விளக்கும்

அதே நான்கு இட்லியைக் காலை எட்டு மணிக்கு உண்பதும் இரவு பத்தரை மணிக்கு உண்பதும் உடலுக்கு ஒன்றல்ல. இரவில் உண்ணும்போது இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது, இறங்கவும் கூடுதல் நேரம் ஆகிறது. மெலடோனின் உயரத் தொடங்கிய பிறகு கணையம் இன்சுலினைக் குறைவாகவே விடுவிக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். தமிழ்நாட்டு நகரங்களில் இரவு உணவு ஆண்டுக்கு ஆண்டு பின்னால் போய்க்கொண்டிருப்பதை எவரும் பார்க்கலாம். பரோட்டாக் கல்லில் கூட்டம் உச்சத்தை எட்டுவதே ஒன்பது மணிக்கு மேல்தான். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக உண்டு முடிப்பதை இலக்காகக் கொள்ளலாம். வேலை முடிந்து வீடு திரும்பவே ஒன்பது ஆகிறது என்பவர்கள், ஆறு, ஆறரை மணிக்கு அலுவலகத்திலேயே சுண்டல், பழம் போன்ற ஒரு பங்கை உண்டுவிட்டு, இரவில் மீதியை மட்டும் எளிமையாக முடித்துக்கொள்ளலாம். உண்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் மெதுவாக நடப்பது, நான் அறிந்தவரை, இருக்கும் சிறு மாற்றங்களிலேயே உடனடிப் பலன் தரும் ஒன்று. இயங்கும் தசைகள் இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றக் கூடாது. அவர்களுக்கு மருந்தின் நேரமும் உணவின் நேரமும் பிணைந்தவை. ஒன்றை மட்டும் நகர்த்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுப்பதைப் போலவே, இரவு வெளிச்சம் அதைப் பின்னால் தள்ளுகிறது. இந்தக் குற்றச்சாட்டு முழுவதையும் கைப்பேசித் திரையின் நீல ஒளி மீது சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. அது மிகைப்படுத்தப்பட்டது என்று நான் நினைக்கிறேன். கைப்பேசி தரும் வெளிச்சம் மிகச் சிறிது. படுக்கையறைக் கூரையில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு அதைவிடப் பெரிய குற்றவாளி. சாதாரண அறை வெளிச்சமே மெலடோனின் சுரக்கும் நேரத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. கைப்பேசியின் உண்மையான கேடு அதன் ஒளியில் இல்லை, அதிலுள்ள முடிவில்லாத சரக்கில் இருக்கிறது: 'இன்னும் ஒன்று' என்று பார்த்துக்கொண்டே போகையில் மணி பன்னிரண்டாகிவிடுகிறது, பார்த்தவற்றில் ஏதோ ஒன்று மனத்தைக் கலக்கியும் விடுகிறது. நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் திரை அமைப்பு இதற்கு மருந்தாகாது. இரவு உணவுக்குப் பின் கூடத்தின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடுவது, கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுவது ஆகிய இரண்டும் சேர்ந்தால் நல்லது. அலாரத்துக்காகத்தான் கைப்பேசி அருகில் இருக்க வேண்டும் என்பவர்கள், மேசைக் கடிகாரம் ஒன்றை வாங்கிவிடலாம்.

தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். மே மாதச் சென்னையில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் உமிழும்போது அது எளிதல்ல. படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னதாக இளஞ்சூடான நீரில் குளித்தால், தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி உள்வெப்பம் வெளியேறுகிறது. மிகக் குளிர்ந்த நீர் தோலின் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் அவ்வாறு உதவுவதில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரம் இல்லை

இதுவரை சொன்னவை நடுவயதினரை மனத்தில் வைத்துச் சொன்னவை. பருவ வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னால் நகர்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரவு பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராததும், காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் சிடுசிடுப்பதும் அந்த வயதின் உடலியல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்றே பரிந்துரைத்தது. நம் ஊரிலோ நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. அதிகாலைப் படிப்பு மனத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை, இரவு எட்டரை மணிக்குத் தூங்கிய காலத்தில் உருவானது. பன்னிரண்டு மணிக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பினால், படித்ததை நினைவில் பதியவைக்கும் தூக்கத்தையே பறித்துக்கொண்டு மேலும் படிக்கச் சொல்கிறோம். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு. முதியவர்களின் கடிகாரம் மறுபக்கம் நகர்ந்து, எட்டு மணிக்கே கண் சொருகி, மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அவர்கள் காலையில் நடப்பதோடு, மாலை வெளிச்சத்திலும் சிறிது நேரம் வெளியே உட்கார்ந்தால் கடிகாரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளலாம்.

இரவுப்பணி செய்பவர்களிடம் காலை வெளிச்சத்தின் பெருமையைப் பேசுவது பொருத்தமற்றது. மருத்துவமனைச் செவிலியர், நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர், கோயம்பேட்டில் நள்ளிரவில் காய்கறி இறக்குபவர், வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் மென்பொருள் ஊழியர் ஆகியோர் உடல் கடிகாரத்துக்கு எதிராகவே பிழைப்பு நடத்த வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்தது. தனிமனிதப் பழக்கத்தால் முழுவதும் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது. பணிமுறையை வகுப்பவர்களின் பொறுப்பு இதில் பெரிது. முறைகள் மாறியாக வேண்டும் என்றால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறுவது, எதிர்வரிசையைவிட உடலுக்கு எளிது என்பதையாவது அவர்கள் கருத்தில் கொள்ளலாம். பணி செய்பவர் தம் அளவில், நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடையில் கனமான உணவைத் தவிர்க்கலாம். பகலில் தூங்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்கலாம். வீட்டிலிருப்பவர்கள் அந்த அறைக்கதவைத் தட்டாமல் இருப்பதை ஒரு விதியாகவே வைக்கலாம். விடியற்காலையில் இருசக்கர வாகனம் ஓட்டித் திரும்புவது, இயலுமானால், தவிர்க்க வேண்டியது. விழிப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது.

மாற்றத்தைத் தொடங்குபவர்கள் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாக எழ முயல வேண்டாம். பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தி, இரண்டு மூன்று நாள் அதிலேயே நின்று, பிறகு அடுத்த பதினைந்து நிமிடத்துக்குப் போவது உடலின் வேகத்துக்கு ஏற்றது. முதல் வாரத்தில் தொடுவதற்கு எழும் நேரமும் காலை வெளிச்சமும் போதும். காபியையும் இரவு உணவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பகலில் வெளிச்சம் கிடைக்கத் தொடங்கிய பலருக்கு இரவில் தூக்கம் தானாகவே முன்னால் வருவதால், மற்ற மாற்றங்கள் அப்போது எளிதாகின்றன.

சில வாரங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் மாற்றம் தெரியாவிட்டால், காரணம் கடிகாரமாக இல்லாமல் இருக்கலாம். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும், ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுவதும் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயின் அறிகுறிகள். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாகத் தூக்கமின்மை நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. அதற்கு முதல் சிகிச்சையாக மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, தூக்கம் சார்ந்த எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் பயிற்சியை. மருத்துவரிடம் போகும்போது, இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த நேரம், காபி குடித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கும்.